பேக்கரி மாஸ்டர் பதில்கள்: முட்டை இல்லை, பால் இல்லை, பழம் இருக்கிறது

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன. முட்டை, பால், நெய், வெண்ணெய் எதுவும் இல்லாமல், பழத்தை வைத்து வீட்டிலேயே கேக், டார்ட், ஜெல்லி செய்ய முடியுமா? முடியும். புதுச்சேரியில் சவுக்கு விறகு போட்டு எரிக்கிற அடுப்பில் தொழில் படித்தவன் நான். வெண்ணெயும் முட்டையும்தான் அந்தத் தொழிலுக்கு இரண்டு கைகள் என்று சொல்லித்தான் வளர்த்தார்கள். பேத்திக்குப் பால் ஒவ்வாமை என்று டாக்டர் சொன்ன பிறகு, ஒவ்வொரு பலகாரத்தையும் அடியிலிருந்து யோசிக்க வேண்டிவந்தது. அப்படி யோசித்ததில் தெரிந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். கப் என்று சொல்லும் இடத்தில் எல்லாம் 240 மில்லி என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: முட்டைக்குப் பதில் வாழைப்பழம் என்கிறார் ஒருவர், ஆளி விதை என்கிறார் இன்னொருவர், கடையில் விற்கிற பவுடர் என்கிறார் மூன்றாமவர். வாழைப்பழம் போட்டு ஒரு கேக் செய்தேன் மாஸ்டர். மேலே நன்றாகச் சிவந்தது, உள்ளே களியாகிவிட்டது. எதை நம்புவது?
– வாசகி, நெல்லிக்குப்பம்

தங்கச்சி, முட்டைக்குப் பதில் என்ன என்று பொதுவாகக் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். செய்யப்போகிற பலகாரத்தில் முட்டை என்ன வேலை பார்க்கிறது என்று முதலில் பாருங்கள். ஸ்பாஞ்ச் கேக்கில் அது காற்றைப் பிடித்து வைக்கிறது. பிஸ்கட்டில் மாவு உதிராமல் பிடிக்கிறது. கஸ்டர்டில் கெட்டிப்படுத்துகிறது. பன் மேல் தடவினால் நிறமும் பளபளப்பும் தருகிறது. இந்த நான்கு வேலையையும் ஒரே ஆளாகச் செய்கிற மாற்றுப் பொருள் எதுவும் இல்லை.

காற்று வேண்டுமா, சோடா உப்பும் புளிப்பும் சேர வேண்டும். பிடிப்பு வேண்டுமா, ஆளி விதைப் பொடி 1 டேபிள்ஸ்பூன், தண்ணீர் 3 டேபிள்ஸ்பூன் கலந்து பத்து நிமிடம் வைத்தால் வழவழவென்று வரும், அது ஒரு முட்டைக்குச் சமம். கெட்டிப்பட வேண்டுமா, சோள மாவு. நிறம் வேண்டுமா, தேங்காய்ப்பாலில் கொஞ்சம் வெல்லம் கரைத்து மேலே தடவுங்கள். வாழைப்பழம் ஈரத்தைத் தரும், ஓரளவு பிடிப்பும் தரும். காற்றைத் தராது. நீங்கள் அதை நம்பிச் சோடாவைக் குறைத்திருப்பீர்கள், அதனால்தான் உள்ளே களி.

பழ வகையையும் பாருங்கள். கேக்குக்கு மோரிஸ்தான், தோல் கறுத்துப் புள்ளி விழுந்த பிறகு. பூவனில் புளிப்பு இருக்கிறது, அது சோடாவோடு நன்றாகவே சேரும், ஆனால் பழம் சின்னது, எண்ணிக்கையை நம்பாமல் எடை போட்டுக்கொள்ள வேண்டும். நேந்திரனில் மாவுச்சத்து அதிகம், வேகவைத்து மசித்தால்தான் கேக்கில் கலக்கும். ரஸ்தாளியை அப்படியே உரித்துச் சாப்பிடுங்கள். அந்த வாசனை ஓவனுக்குள் போனால் நிற்பதில்லை.

அளவு இது: மசித்த மோரிஸ் 300 கிராம், மைதா 200 கிராம் (பாதி கோதுமை மாவாகவும் இருக்கலாம்), நாட்டுச் சர்க்கரை 120 கிராம், எண்ணெய் 75 மில்லி, கெட்டித் தேங்காய்ப்பால் 50 மில்லி, அதில் வினிகர் 1 டேபிள்ஸ்பூன், பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன், சோடா அரை டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு. ஈரமானவை ஒரு பாத்திரத்தில், உலர்ந்தவை ஒரு பாத்திரத்தில். இரண்டையும் சேர்த்த பிறகு மாவு கண்ணுக்குத் தெரியாமல் மறைந்ததும் கரண்டியை எடுத்துவிடுங்கள். மேலும் மேலும் கலக்கினால் மைதா இழுவைப் பதத்துக்கு வந்து கேக் ரப்பராகும். சோடா புளிப்பைத் தொட்ட கணமே வேலையைத் தொடங்கிவிடும், அதனால் கலந்த மாவை மேடையில் வைத்துவிட்டுப் போன் பேசப் போகாதீர்கள். 175 டிகிரியில் 45 முதல் 50 நிமிடம். ஈர்க்குச்சி குத்தினால் மாவு ஒட்டாமல் வர வேண்டும்.

கடைப் பவுடர் கெட்டது என்று சொல்லமாட்டேன். பெரும்பாலும் மாவுச்சத்தும் சோடா வகையும்தான் அதில் இருக்கும். அவை இரண்டும் உங்கள் அடுக்களையிலேயே இருக்கின்றன.

கேள்வி: தானே புயலில் பழைய பலா எல்லாம் போய், அப்புறம் நட்ட மரங்கள் இப்போது காய்த்துத் தள்ளுகின்றன. உறவுக்காரர்களுக்குக் கொடுத்தும் தீரவில்லை. சுளையை அரைத்து கேக்கில் போட்டால் நடுவில் வேகவே மாட்டேன் என்கிறது, அடியில் தண்ணீர் நிற்கிறது. பலாப்பழ கேக் என்பதே சாத்தியமா?
– வாசகர், பண்ருட்டி

2011 டிசம்பர் 30-ல் அந்தப் புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியபோது பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. திரும்ப நட்டு, காய்ப்பு வரும்வரை காத்திருந்த குடும்பத்துக்குப் பழம் வீணாவது எவ்வளவு மனக்கஷ்டம் என்று புரிகிறது தம்பி. அதனால் இதற்குக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பலாச்சுளையில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர்தான் இருக்கிறது. பச்சையாக அரைத்துப் போட்டால் அந்தத் தண்ணீர் முழுக்கக் கேக்குக்குள் வந்துவிடும். ஓரம் வெந்து காய்ந்துவிடும், நடு ஈரம் தாங்காமல் உட்கார்ந்துவிடும். பழத்தின் தண்ணீரை அடுப்பிலேயே வற்ற வைத்துவிட்டுத்தான் மாவோடு சேர்க்க வேண்டும்.

கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவிக்கொண்டு சுளை எடுங்கள். கொட்டையையும் அதன் மேல் இருக்கிற சவ்வையும் நீக்கி, பொடியாக நறுக்கி, ஒரு கை தண்ணீர் தெளித்து மூடிவைத்து வேகவிடுங்கள். ஆறியதும் மிக்ஸியில் அரையுங்கள். நார் அதிகமான பழமாக இருந்தால் சல்லடையில் தேய்த்து எடுங்கள். இப்போது அடி கனமான உருளியில் ஊற்றி, தணலில் கிளறுங்கள். முதலில் தெறிக்கும், நீளமான கரண்டி வேண்டும். பிறகு குமிழி பெரிதாகி மெதுவாக வெடிக்கும். நிறம் இளமஞ்சளில் இருந்து தேன் நிறத்துக்கு வரும். கரண்டியால் உருளியின் நடுவில் ஒரு கோடு இழுத்தால், அந்தக் கோடு மூடாமல் அடி தெரிய நிற்க வேண்டும். அந்த இடத்தில் இறக்குங்கள். ஏறக்குறைய பாதி அளவுக்கு வற்றியிருக்கும். வெல்லம் இப்போது வேண்டாம். வெல்லம் சேர்ந்தால் அடிப்பிடிக்கும், நாம் தேடுகிற பதமும் தெரியாது.

இந்த விழுதை டப்பாக்களில் அடைத்து ஃப்ரீசரில் வைத்தால் சீசன் முடிந்த பிறகும் கை கொடுக்கும்.

கேக்குக்கு மைதாவைவிட ரவைதான் பலாவுக்குப் பொருத்தம். ரவை ஊறி உப்பும்போது பழத்தில் மிச்சமிருக்கிற ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும், முட்டை இல்லாமலே பிடித்துக்கொள்ளும். வறுத்த ரவை 1 கப், விழுது 1 கப், பொடித்த வெல்லம் அரை கப், தேங்காய்ப்பால் முக்கால் கப், தேங்காய் எண்ணெய் கால் கப், ஏலக்காய், உப்பு ஒரு சிட்டிகை. எல்லாம் கலந்து அரை மணி நேரம் ஊறட்டும். ஊறியபின் இறுகிவிட்டால் கொஞ்சம் தேங்காய்ப்பால் விட்டு, இட்லி மாவைவிடச் சற்றுக் கெட்டியான பதத்துக்குக் கொண்டுவாருங்கள். கடைசியாகப் பேக்கிங் பவுடர் 1 டீஸ்பூன், சோடா கால் டீஸ்பூன், எலுமிச்சைச் சாறு 1 டீஸ்பூன். 180 டிகிரியில் 35 முதல் 40 நிமிடம். மேலே உடைசல் முந்திரி தூவுங்கள், உங்கள் ஊரில் அதற்கா பஞ்சம்?

இதே மாவை வாழை இலையில் வைத்து மடித்து ஆவியில் வேகவைத்தாலும் நன்றாக இருக்கும். என்னைக் கேட்டால் அதுதான் ஒரு படி மேல். கொட்டையைத் தூக்கி எறியாதீர்கள். வேகவைத்துத் தோல் நீக்கி மையாக அரைத்தால், ரவையில் கால் பங்குக்குப் பதிலாக அதைச் சேர்க்கலாம்.

கேள்வி: தேன் சேர்க்கலாமா?
– வாசகி, வில்லியனூர்

தாவரப் பொருள் மட்டும்தான் என்று முடிவு செய்தவர்கள் தேனும் சேர்ப்பதில்லை. கருப்பட்டியைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, பாகாகக் காய்ச்சி வைத்துக்கொள்ளுங்கள். அதே வேலையைச் செய்யும்.

கேள்வி: என் மகனுக்கு நான்கு வயது. பால் சாப்பிட்டால் உடம்பெல்லாம் தடித்துவிடுகிறது. பிறந்தநாளுக்குக் கடையில் "எக்லெஸ்" கேக் வாங்கலாம், அதில் ஒன்றும் வராது என்கிறார்கள். பாக்கெட்டில் பச்சைப் புள்ளியும் இருக்கிறது. கொடுக்கலாமா மாஸ்டர்?
– வாசகி, லாஸ்பேட்டை

கொடுக்காதீர்கள் அம்மா. எக்லெஸ் என்றால் முட்டை இல்லை, அவ்வளவுதான். முட்டை இல்லாத இடத்தை நிரப்பப் பெரும்பாலும் போடுவதே கண்டென்ஸ்டு மில்க், தயிர், பால் பவுடர். சாதாரண கேக்கைவிட அதில் பால் அதிகமாகவே இருக்கும். பச்சைப் புள்ளி சைவம் என்பதற்கான அடையாளம். பாலும் தேனும் அந்தக் கணக்கில் சைவம்தான். தாவரப் பொருள் மட்டும் உள்ள உணவுக்கு 2022-ல் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் தனி விதிமுறை கொண்டுவந்திருக்கிறது. அதற்கு ஆங்கில "வி" எழுத்தோடு ஒரு சின்ன இலை உள்ள பச்சை முத்திரை உண்டு. அதைத் தேடுங்கள். அதோடு நிற்காமல் பொருள் பட்டியலையும் வாசியுங்கள். மில்க் சாலிட்ஸ், வே பவுடர், கேசின், பட்டர் ஆயில் என்று எந்தப் பெயரில் இருந்தாலும் அது பால்தான்.

பால் செரிக்காமல் வயிறு உப்புவது வேறு, ஒவ்வாமை வேறு. முதலாவதில் பாலில் உள்ள சர்க்கரை செரிக்கவில்லை. இரண்டாவதில் பாலின் புரதத்தை உடம்பு எதிரியாக நினைக்கிறது, துளி போதும். உடம்பு தடிப்பது இரண்டாவது வகையாக இருக்கலாம், டாக்டரிடம் காட்டாமல் எதையும் சோதித்துப் பார்க்காதீர்கள். முந்திரியும் சில பிள்ளைகளுக்கு ஒவ்வாது. பாலுக்குப் பதில் முந்திரிப் பால் ஊற்றும் முன் அதையும் அவரிடமே கேளுங்கள்.

பேக்கரிகளில் ஒரே டின்னில்தான் வெண்ணெய் கேக்கும் மற்றதும் வேகும், ஒரே பிரஷ்ஷால்தான் தடவுவார்கள். அது தவறு இல்லை, தொழில் வேகத்தில் அப்படித்தான் நடக்கும். உங்கள் மகனுக்கு அது ஆகாது. வீட்டில் அவனுக்கென்று ஒரு டின்னும் ஒரு கரண்டியும் தனியாக வைத்துக்கொண்டு, மேலே சொன்ன மோரிஸ் கேக்கையே செய்யுங்கள், அதில் முந்திரியும் இல்லை. நாலு வயதுப் பிள்ளை பழத்தை மசிக்கிற வேலையைச் சந்தோஷமாகச் செய்யும், என் பேத்தி அப்படித்தான் பழகினாள்.

கேள்வி: அன்னாசி ஜெல்லி செய்தேன், இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்தும் உறையவில்லை. கடையில் வாங்கிய ஜெலட்டின் பழசாகிவிட்டதா?
– கல்லூரி மாணவி, முத்தியால்பேட்டை

ஜெலட்டின் மேல் பழி இல்லை. பச்சை அன்னாசியில் புரதத்தை அறுக்கிற நொதி ஒன்று இருக்கிறது. ஜெலட்டின் என்பது மாட்டுத் தோல், எலும்பு போன்றவற்றில் இருந்து எடுக்கிற புரதம். ஒன்று இன்னொன்றை வெட்டிப் போட்டுவிடும், எத்தனை நாள் வைத்தாலும் உறையாது. பப்பாளியிலும் கிவியிலும் இதே கதைதான். ஜெலட்டின் எதில் இருந்து வருகிறது என்று தெரிந்த பிறகு உங்களுக்கே அது வேண்டாம் என்று தோன்றலாம்.

சைனா கிராஸ் வாங்குங்கள். அது கடல்பாசி. ராமநாதபுரம் கரையில் பெண்கள் கடலுக்குள் மூழ்கிப் பறித்து வருகிற பாசி இதற்குத்தான் போகிறது. அதை உறையவைப்பது புரதம் இல்லை, அதனால் அன்னாசி அதை ஒன்றும் செய்யாது. ஆனால் புளிப்போடு சேர்த்துக் கொதிக்க வைத்தால் அதன் பிடி தளரும். எனவே 10 கிராம் சைனா கிராஸை நறுக்கி, கால் மணி நேரம் ஊறவைத்து, அரை லிட்டர் தண்ணீரில் ஒரு இழைகூடத் தெரியாத அளவுக்குக் கொதித்துக் கரையவிடுங்கள். சர்க்கரையும் அதிலேயே. அடுப்பை அணைத்த பிறகு, கால் லிட்டர் அன்னாசிச் சாற்றை வெதுவெதுப்பாக ஊற்றிக் கலக்குங்கள். சாறு ஃப்ரிட்ஜில் இருந்து வந்த சில்லிப்போடு இருந்தால் ஆங்காங்கே கட்டிதட்டிவிடும்.

இது நம் வெளிச் சூட்டிலேயே உறைய ஆரம்பித்துவிடும், உறைந்தபின் 85 டிகிரி வாக்கில்தான் உருகும். சித்திரை வெயிலில் பந்தியில் வைத்தாலும் ஓடாது. இளநீரோடு நுங்கைத் துண்டு போட்டு இதே முறையில் உறையவிட்டுப் பாருங்கள். நுங்கை ஓவனில் வைக்கலாமா என்று வேறு ஒருவர் கேட்டிருக்கிறார். வேண்டாம், சூடு பட்டால் அது தோலாகிவிடும்.

கேள்வி: ஓவன் இல்லை. குக்கரில் செய்யலாமா?
– வாசகி, கடலூர் முதுநகர்

குக்கரைத் தண்ணீர் இல்லாமல் நீண்ட நேரம் காயவிடுவது அதற்கு நல்லது இல்லை. வீட்டில் பழைய அடி கனமான அலுமினியக் குண்டான் இருந்தால் அதை எடுங்கள். அடியில் இரண்டு கப் கல் உப்பு பரப்பி, மேலே ஒரு ஸ்டாண்டு, மூடிவைத்து மிதமான தீயில் பத்து நிமிடம். பிறகு டின்னை வைத்து, தீயைக் குறைத்து 45 நிமிடம். மூடியில் ஆவி கோத்து கேக் மேல் சொட்டும், அதற்காக மூடியை ஒரு துணியால் கட்டி, முனைகளை மேலே முடிச்சு போடுங்கள், தீயில் படாமல். மேலே சிவப்பு அவ்வளவாக வராது. ருசியில் குறை இருக்காது.

கேள்வி: வீட்டிலிருந்தே மாம்பழ டார்ட் செய்து ஆர்டருக்குக் கொடுக்கிறேன். வெண்ணெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெய் போட்டால் மாவு எண்ணெய் கசிந்து உதிர்கிறது. வெளிநாட்டு வீடியோக்களில் மட்டும் அழகாக வருகிறது. எங்கே கோளாறு?
– இளைஞர், திருப்பாதிரிப்புலியூர்

கோளாறு நம் ஊர் வெயிலில்தான் தம்பி. தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரிக்கு மேல் உருகிவிடும். அவர்கள் ஊரில் அது அலமாரியிலேயே கல்லாக இருக்கும். கடலூரில் மார்கழி விடியலில் வேண்டுமானால் அப்படி உறையும், மாம்பழ சீசனில் எங்கே? டார்ட் மாவில் கொழுப்பு கட்டியாக, சின்னச் சின்னத் துணுக்காக மாவுக்குள் இருக்க வேண்டும். ஓவனில் அது உருகி விட்டுப்போகிற இடைவெளிதான் மொறுமொறுப்பு. ஏற்கெனவே உருகிய எண்ணெய் மாவில் ஊறிவிட்டால் அந்த இடைவெளி வராது.

எண்ணெயைத் தட்டில் மெல்லிசாக ஊற்றி ஃப்ரிட்ஜில் இறுக்கி, கத்தியால் சீவி எடுத்துக்கொள்ளுங்கள். மைதாவையும் கிண்ணத்தையும்கூட ஃப்ரிட்ஜில் வைத்து எடுங்கள். மைதா 150 கிராம், பொடித்த முந்திரி 50 கிராம், சீவிய எண்ணெய் 70 கிராம், சர்க்கரை 2 டேபிள்ஸ்பூன், உப்பு சிட்டிகை. உள்ளங்கைச் சூடு படக் கூடாது, விரல் நுனியால் உதிர்த்து, ஐஸ் தண்ணீர் 3 டேபிள்ஸ்பூன் தெளித்து, சேர்த்து அமுக்குங்கள். பிசைய வேண்டாம். உருட்டித் தேய்க்க முயலாமல், டின்னிலேயே விரலால் அமுக்கிப் பரப்புங்கள். அரை மணி நேரம் ஃப்ரிட்ஜ். பிறகு பட்டர் பேப்பர் விரித்து, மேலே காய்ந்த மொச்சையைக் கொட்டி 180 டிகிரியில் 15 நிமிடம், மொச்சையை எடுத்துவிட்டு இன்னும் பத்து நிமிடம். வேலையை அதிகாலையில் முடித்துவிடுங்கள், நாங்கள் பேக்கரியில் மேசை வேலையை எல்லாம் விடிவதற்குள் முடிப்பதே சூட்டுக்குப் பயந்துதான்.

உள்ளே வைக்கிற மாம்பழக் கஸ்டர்டுக்கு முட்டை தேவையே இல்லை. கடையில் விற்கிற கஸ்டர்டு பவுடரே அப்படிப் பிறந்ததுதான். 1837-ல் இங்கிலாந்தில் ஆல்ஃபிரட் பேர்டு என்ற மருந்துக் கடைக்காரர், மனைவிக்கு முட்டை ஒவ்வாது என்பதால் சோள மாவில் அதைத் தயாரித்தார். பங்கனப்பள்ளி விழுது 2 கப், தேங்காய்ப்பால் அரை கப், சோள மாவு 3 டேபிள்ஸ்பூன், சர்க்கரை உங்கள் பழத்துக்குத் தக்கபடி. அடுப்பில் கிளறி, கொதி வந்தபின் இரண்டு நிமிடம் விடுங்கள், இல்லாவிட்டால் மாவு நெடி போகாது. எலுமிச்சை பிழிவதானால் இறக்கிய பிறகு. நார் உள்ள பழத்தை வடிகட்டாமல் போடாதீர்கள், விற்பனைக்குப் போகிற பொருள். மெல்லிசாக அரிந்த மாம்பழத்தை மேலே அடுக்குவது டெலிவரிக்குக் கொஞ்ச நேரம் முன்புதான். முதல் நாளே அடுக்கினால் நீர் விட்டு மாவு நமத்துவிடும்.

கேள்வி: பழம் இயற்கையானது, வெல்லம்தான் போடுகிறோம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் தாராளமாகச் சாப்பிடலாம்தானே?
– வாசகர், மஞ்சக்குப்பம்

இல்லை. வெல்லமும் பெரும்பகுதி சர்க்கரைதான், பழத்திலும் இருக்கிறது, மாவும் உள்ளே போய்ச் சர்க்கரையாகத்தான் மாறும். பால் இல்லை, முட்டை இல்லை என்பதால் அந்தக் கணக்கு மாறாது. ஆசைக்கு ஒரு மெல்லிய துண்டு, அதுவும் டாக்டர் சொன்ன அளவுக்குள்.

கேள்வி: எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் என்றால் விவிக்கம் கேக்தான். ரவை, வெண்ணெய், நிறைய முட்டை, ரம்மில் ஊறிய பழம் என்று என் மாமியார் காலத்தில் இருந்து வருகிறது. இப்போது வந்த மருமகள் முட்டை, பால் எதையும் தொடுவதில்லை. அவளுக்கு மட்டும் வேறு ஏதாவது வாங்கிக் கொடுக்க மனசு வரவில்லை. இதையே மாற்றிச் செய்ய வழி உண்டா?
– 68 வயது வாசகி, புதுச்சேரி

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன் அம்மா. மருமகளுக்காகப் பரம்பரைப் பலகாரத்தை மாற்ற நினைக்கிறீர்களே, அந்தப் பெண் கொடுத்துவைத்தவள்.

விவிக்கத்தில் ரவை இருப்பது நமக்குச் சாதகம். பிடிப்பு வேலையை ரவை பார்த்துக்கொள்ளும். முட்டை அதில் முக்கியமாகச் செய்வது லேசாக்குவதைத்தான், வெள்ளைக் கருவை நுரைக்க அடித்துக் கலப்பீர்கள் இல்லையா, அதைத்தான். அந்த நுரைக்கு வெள்ளைக் கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீர் போதும். 2014-ல் பிரான்சில் ஜோயெல் ரோஸெல் என்ற பாடகர், பருப்பு வகை வெந்த தண்ணீர் வெள்ளைக் கருபோல நுரைத்து நிற்பதைக் கண்டு சொன்னார். அடுத்த ஆண்டுக்குள் உலகம் முழுக்க வீட்டு அடுக்களைகளில் பரவிவிட்டது.

கடலையை இரவு ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் உப்பில்லாமல் வேகவையுங்கள். கடலையை அந்தத் தண்ணீரிலேயே ஓர் இரவு ஃப்ரிட்ஜில் விட்டுவிடுங்கள். மறுநாள் வடித்து, விரலில் தொட்டால் வழவழப்பாக ஒட்டுகிற வரை வற்ற வையுங்கள். நன்றாக ஆறியபின் அரை கப் எடுத்து, சில துளி எலுமிச்சை விட்டு, மின்சார பீட்டரால் எட்டுப் பத்து நிமிடம் அடித்தால் கிண்ணத்தைக் கவிழ்த்தாலும் விழாத நுரை வரும். கிண்ணத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மட்டும் வராது. கடலை வாசனை வெந்தபின் தெரியாது, அதுவும் ஜாதிக்காயும் ஆரஞ்சுத் தோலும் இருக்கிற கேக்கில்.

ரவை 250 கிராமை, தேங்காய் எண்ணெய் 120 மில்லியில் வாசனை வர வறுத்து ஆறவிடுங்கள். கெட்டித் தேங்காய்ப்பால் 250 மில்லி, சர்க்கரை 200 கிராம் கலந்து ஒரு மணி நேரம் ஊறட்டும். ஊறிய உலர்திராட்சை, ஆரஞ்சுத் தோல் மிட்டாய், பூசணி மிட்டாய் எல்லாம் சேர்ந்து 250 கிராம், முந்திரி 50 கிராம், ஜாதிக்காய்ப் பொடி, உப்பு சிட்டிகை, பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன். கடைசியில் நுரையை மூன்று பங்காக, கரண்டியால் அடியில் இருந்து மேலே மடித்து மடித்துச் சேருங்கள். 160 டிகிரியில் ஒரு மணி நேரம். ரம் கரும்பில் இருந்து வருவதுதான், மருமகளுக்கு அதில் தடை இருக்காது. பிள்ளைகளுக்கு ஆரஞ்சுச் சாற்றில் ஊறவைத்துத் தனியாகச் செய்யுங்கள்.

வெண்ணெய் மணம் இதில் வராது, தேங்காய் மணம்தான் வரும். அது புதுச்சேரிக்கு அந்நியம் இல்லை.

கேள்வி: கொட்டையை எடுத்தபின் முந்திரிப் பழம் தோப்பில் கொட்டிக் கிடக்கிறது. சாப்பிட்டால் தொண்டையைப் பிடிக்கிறது. ஏதாவது செய்யலாமா?
– வாசகி, விருத்தாசலம்

அந்தத் துவர்ப்பை எடுத்துவிட்டால் அருமையான பழம். ஆரஞ்சைவிட வைட்டமின் சி அதிகம் உள்ள பழத்தை மண்ணில் மக்கவிடுகிறோமே என்று எனக்கு ஆதங்கம் உண்டு. அடிபடாத பழமாகப் பொறுக்கி, உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பத்து நிமிடம் ஆவியில் வேகவைத்துப் பிழிந்துவிட்டால் காறல் பெரும்பாலும் போய்விடும். அதை நறுக்கி, சம எடை வெல்லம், இஞ்சி, எலுமிச்சை போட்டு ஜாம் பதத்துக்குக் கிளறுங்கள். பிஸ்கட் மாவின் நடுவில் குழி செய்து இந்த ஜாமை வைத்து வேகவைத்தால் கடையில் கிடைக்காத பலகாரம். பழத்தில் இருந்து பச்சைக் கொட்டையைத் திருகி எடுக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் விடாதீர்கள், ஓட்டில் இருக்கிற பால் தோலைப் பொசுக்கும்.

கேள்வி: பப்பாளி கேக் சோப்பு வாடை அடிக்கிறது.
– வாசகர், பாகூர்

பழுத்த பப்பாளியில் புளிப்பு மிகக் குறைவு. சோடா வேலை செய்யாமல் மிச்சமாகிறது. பேக்கிங் பவுடர் மட்டும் போடுங்கள், அல்லது ஒரு மூடி எலுமிச்சை பிழியுங்கள்.

கேள்வி: மழைக்காலத்தில் பழ கேக் இரண்டே நாளில் பூஞ்சை பிடித்துவிடுகிறது. கடையில் மட்டும் ஒரு வாரம் தாங்குகிறதே?
– வாசகி, அரியாங்குப்பம்

கடை கேக்கில் பூஞ்சைத் தடுப்பு மருந்து சேர்ப்பதுண்டு, சர்க்கரையும் அதிகம். நீங்கள் செய்வதில் ஈரமான பழம், அதற்குக் குறைந்த சர்க்கரை, போதாததற்கு ஐப்பசி, கார்த்திகையில் கடற்கரைக் காற்றிலேயே தண்ணீர் இருக்கும். கேக் முழுக்க ஆறும் முன் டப்பாவில் மூடுவதுதான் பெரும்பாலும் காரணம். டின்னில் இருந்து எடுத்துக் கம்பித் தட்டில் வைத்து, அடியைத் தொட்டால் சில்லென்று இருக்கும்வரை காத்திருங்கள். நறுக்கும் கத்தி உலர்ந்திருக்க வேண்டும். அன்றைக்குத் தேவையானதை வெளியே வைத்துவிட்டு மிச்சத்தைத் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றையும் பட்டர் பேப்பரில் சுற்றி ஃப்ரீசரில் போடுங்கள். எடுத்து அரை மணி நேரத்தில் பதமாகிவிடும், தோசைக்கல்லில் லேசாகச் சூடு காட்டினால் இன்னும் நல்லது. புயல் மழையில் கரண்ட் போகும் நாட்களில் இதுவும் உதவாது, அந்த மாதங்களுக்கு மட்டும் பாதி அளவு டின் ஒன்று வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.